பால்மரக் காட்டு விரியனும் இதயக் குழாய் மருந்தும்

மலாயாக் குழிவிரியன் கடித்தவருக்கு மாற்று மருந்து கொடுக்காவிட்டால், அவருடைய ரத்தம் வாரக்கணக்கில்கூட உறையாமல் இருக்கும். தாய்லாந்தின் தெற்கில் தொடங்கி மலேசியாவின் பெர்லிஸ், கெடா, பினாங்கு வழியாகப் பேராக்கின் வடபுறம் வரை நீளும் தோட்டங்களில் பால்மரம் எனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களை அதிகம் கடித்த பாம்பு இது. இதயத் தமனியின் அடைப்பை நீக்கும் சிகிச்சையின்போது தரப்படும் தட்டணு எதிர்ப்பு மருந்துகளுக்கும், அவற்றால் நேரும் ரத்தக்கசிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு இந்தத் தோட்டத்து மக்களை இரண்டு முறை தொட்டுச் சென்றிருக்கிறது. முதல் முறை நஞ்சாக வந்தது. அடுத்த தலைமுறைக்கு அது மருந்தாக வந்தது.

பேராக்கில் ரப்பரின் கதை 1877இல் கோலகங்சாரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் மாளிகைத் தோட்டத்தில் சில கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. கன்று வந்த உடனே தோட்டங்கள் முளைத்துவிடவில்லை. அப்போது பாரிட் புந்தார், பாகான் செராய்ப் பக்கம் கரும்புதான் பணப்பயிர். அங்கே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டதும் ரப்பர் விலை ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா, தெலுக் இந்தான் என மாநிலம் முழுக்கப் பால்மரம் பரவியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் வழி ஆள் சேர்க்கும் முறை 1938 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு இந்திய அரசு கூலிகளின் குடிபெயர்வுக்குத் தடை போட்டது.

பாம்பு ஏன் பால் வெட்டுபவரைத் தேடி வந்தது என்று கேட்பது தவறு. அது எங்கும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. மலாய்க்காரர்கள் இதை உலார் காப்பாக் போடோ என்பார்கள். இரண்டு, மூன்றடி நீளம், பழுப்பு உடல், விலாவில் கருமுக்கோணங்கள். பால்மரச் சருகின் மேல் படுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காலடிச் சத்தம் கேட்டு மற்ற பாம்புகள் நகர்ந்துவிடும், இது நகராது. கடித்த பிறகும் அதே இடத்தில் கிடப்பது உண்டு. மனிதர் வந்த நேரமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் அப்போதுதான் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போவார்கள். ஒருவருக்கு நானூறு மரம் வரை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நிற்கவேண்டும், முந்தைய வெட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உரிக்கவேண்டும், பட்டையைச் சீவவேண்டும், பால் பிடிக்கும் மங்கைச் சரிசெய்யவேண்டும். கண் மரத்தில் இருக்கும், கால் சருகில் இருக்கும். பலருக்குக் காலில் செருப்பும் கிடையாது.

கடிபட்டவரை முதலில் பார்த்தவர் டிரஸர் எனும் தோட்டத்து மருத்துவ உதவியாளர். 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட நிர்வாகத்தின் மீது மருத்துவப் பொறுப்பைச் சுமத்தின. பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டன. சின்னத் தோட்டங்கள் சேர்ந்து ஒரு குரூப் ஆஸ்பத்திரி நடத்தின. டாக்டர் எப்போதாவது வந்துபோவார், அன்றாடம் எல்லாம் டிரஸர்தான். அவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருப்பார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, பிரசவம் சிக்கலானால் லாரி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் வேலை. பாம்புக் கடிக்கு அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் காலத்துப் பாடநூல் சொன்ன முறை: கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, கடிவாயைக் கீறு, பெர்மாங்கனேட் தூளைத் தேய். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மந்திரம் ஓதிப் பாடம் போடுபவரும் இருப்பார், வேர் அரைப்பவரும் இருப்பார். நல்லபாம்பு கடித்தாலும் விரியன் கடித்தாலும் ஒரே சிகிச்சை.

குழிவிரியன் கடித்தவரை அந்தக் கீறல் கடியைவிடப் பெரிய ஆபத்தில் தள்ளியது. உறையாத ரத்தம் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளேடால் ஓர் அங்குலம் வெட்டினால் அது நிற்பதில்லை. இறுக்கிக் கட்டிய கால் கறுத்து அழுகிப்போவதும் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய நடைமுறைகளில் மிக மோசமானது இதுவே எனலாம். அதைச் செய்தவர்கள் கவனக்குறைவாகச் செய்யவில்லை, கற்பித்தபடி செய்தார்கள்.

பினாங்கு பொது மருத்துவமனையின் மருத்துவர் ஹியூ அலிஸ்டர் ரீட் 1950களில் இந்தக் கடிகளை ஒன்றுவிடாமல் பதிவுசெய்யத் தொடங்கினார். கடற்பாம்புக் கடியில் அவர் செய்த வேலை உலகறிந்தது. குழிவிரியனைப் பற்றிய வேலை அதற்குக் குறைந்ததல்ல. வட மலாயாவின் மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய தரவுகளை அவரும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1963இல் லான்செட், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ்களில் வரிசையாக வெளியிட்டார்கள். கடிபட்டவர்களில் பெரும் பங்கினருக்கு நஞ்சு ஏறியதே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே ஏறியது என்பது முதல் செய்தி. பாடம் போட்டுப் பிழைத்தவர்கள் ஏன் அத்தனை பேர் என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. கே. இ. சான், பி. சி. தியன் ஆகியோருடன் சேர்ந்து ரீட் எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. நஞ்சு ஏறியவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வைத்தார்கள். சாதாரணமாகச் சில நிமிடங்களில் கட்டியாகவேண்டிய ரத்தம் தண்ணீர்போல் இருந்தது. குழாயைச் சாய்த்தால் வழிந்தது. மறுநாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. ஆனால் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் எச்சிலில் தெரிந்த ரத்தம் நின்றிருந்தது. புதிதாக எங்கும் கசியவில்லை.

இந்தப் புதிருக்கு ரீட் கண்ட விடை எளியது. நஞ்சில் பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ரத்தக் குழாயின் சுவரை அரிக்கிறது. ஆரம்பத்தில் ரத்தம் கசிவது அதனால்தான், அதன் வேகம் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இன்னொன்று ரத்தத்தில் உறைவுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனைப் பிடித்து அரைகுறையாக வெட்டுகிறது. அரைகுறை இழைகளை உடம்பு உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. சில மணி நேரத்தில் மூலப்பொருளே தீர்ந்துபோகிறது. சுவர் முழுசாக இருக்கும்வரை, தட்டணுக்களும் போதிய அளவு இருக்கும்வரை, உறையாத ரத்தம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுவரை யாராவது உடைத்தால்தான் சிக்கல். டிரஸரின் பிளேடு உடைத்தது அதைத்தான்.

தட்டணு என்பது எலும்பு மச்சையில் பிறந்து ரத்தத்தில் ஏழு முதல் பத்து நாள் வாழும் மிகச்சிறிய துணுக்கு. இத்தாலியர் ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் அதன் வேலையை விவரித்தார். குழாய்ச்சுவர் கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் முதலில் ஒட்டும், பிறகு ஒன்றோடொன்று கைகோத்து அடைப்பாகும், அதன் மேல் ஃபைப்ரின் வலை படரும். பால்மரமும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறது. பட்டையைச் சீவியதும் ஓடத் தொடங்கும் பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நின்றுபோவதற்குக் காரணம், பால் குழாய்களுக்குள் மிதக்கும் லூடாய்டு எனும் துகள்கள் வெட்டு வாயில் உடைந்து அடைத்துக்கொள்வதுதான். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1960களில் இதை விரிவாக ஆராய்ந்தது. அடைப்பைத் தாமதப்படுத்தினால் பால் கூடும் என்று எத்தஃபான் மருந்தைப் பட்டையில் பூசும் வழக்கம் அடுத்த பத்தாண்டில் தோட்டமெங்கும் வந்தது. அளவு மீறிப் பூசிய மரம் பால் வற்றிப் பட்டுப்போகும் என்பதையும் தோட்டங்கள் விரைவில் கண்டுகொண்டன. மனிதருக்குக் கொடுத்த மருந்தில் அந்த அளவைக் கண்டுபிடிக்க இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று.

ரீட் கண்ட புதிர் மருந்தானது. நஞ்சில் ஃபைப்ரினோஜனைத் தீர்க்கும் பொருளை 1967இல் ஆக்ஸ்ஃபோர்டில் எஸ்னூஃபும் டன்னாவும் தனியே பிரித்தார்கள். மறு ஆண்டே லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ரத்தக்கட்டி நோயாளிகளுக்கு அது ஏற்றப்பட்டது. ஆன்க்ராட் என்று பெயர், ஆர்வின் என்ற வணிகப் பெயரில் விற்றது. கால் சிரையில் ரத்தக்கட்டி விழுந்தவர்களுக்கும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சில பத்தாண்டுகள் அது பயன்பட்டது. பக்கவாதத்துக்கும் முயன்றார்கள். 2000இல் வெளியான ஆய்வில் 500 நோயாளிகளிடம் ஓரளவு பலன் தெரிந்தது. 2006இல் ஐரோப்பாவில் 1,200க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வில் பலன் இல்லை. 2008இல் கடைசி முயற்சியும் கைவிடப்பட்டது.

ஆன்க்ராட் தட்டணுவைத் தொடவில்லை. தட்டணுவைக் குறிவைத்த மருந்துகள் நஞ்சின் வேறொரு பொருளிலிருந்து வந்தன. 1980களின் பிற்பகுதியில் தைவானிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறிய புரதக் குடும்பத்தை விரியன் நஞ்சுகளில் கண்டார்கள். தட்டணுக்கள் கைகோத்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று உண்டு, ஜிபி 2பி/3ஏ என்று அதற்குப் பெயர். இந்தப் புரதங்கள் அந்த ஏற்பியைப் பொத்திவிடும். மலாயாக் குழிவிரியனிலிருந்து கிடைத்ததற்கு ரோடோஸ்டோமின் என்றும் கிஸ்ட்ரின் என்றும் பெயரிட்டார்கள். தமிழ்நாட்டு வறண்ட நிலத்தில் திரியும் சுருட்டை விரியனின் இனத்திலிருந்து எக்கிஸ்டாட்டின் கிடைத்தது. அமெரிக்காவின் குள்ளக் கிலுகிலுப்பைப் பாம்பிலிருந்து பார்பூரின் கிடைத்தது. கடைசி இரண்டும் மருந்தாயின. எக்கிஸ்டாட்டினின் வடிவைப் பார்த்து டிரோஃபிபானையும், பார்பூரினின் வடிவைப் பார்த்து எப்டிஃபிபடைடையும் செய்தார்கள். இரண்டும் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கிஸ்ட்ரின் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஏற்பியை அடைத்தால் இதயக் குழாயில் கட்டி சேராது என்பதை நாய்களிடம் காட்டிய சோதனைகளில் அதற்குப் பங்கு உண்டு.

இந்த மருந்துகள் வந்து சேர்ந்த இடம் அப்போது இளமையாக இருந்த ஒரு துறை. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக்கில் முதல் முறையாக ஒருவரின் இதயத் தமனியைச் சிறு பலூனால் விரித்தார். 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். பலூன் தமனியின் உட்சுவரைக் கிழிக்கிறது, ஸ்டென்ட் அந்நிய உலோகம். தட்டணுக்கள் இரண்டையும் காயமாகவே பார்க்கும். வைத்த ஸ்டென்ட் சில நாளில் கட்டியால் அடைத்து நோயாளி இறந்துபோன காலம் அது.

அதற்கு முதலில் கண்ட மாற்று அளவுக்கு மிஞ்சியது. ஆஸ்பிரின், டைபிரிடமோல், டெக்ஸ்ட்ரான், ஹெப்பாரின், வார்ஃபரின் என அத்தனையையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். தொடையில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் தேங்கி வீங்கியது, சிலருக்கு இடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்தது. ஒரு வாரத்துக்கு மேல் வார்டில் கிடக்கவேண்டியிருந்தது. 1996இல் மியூனிக் ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. 517 நோயாளிகளில் ஒரு பாதிக்கு வார்ஃபரின் வகை மருந்து, மறு பாதிக்கு ஆஸ்பிரினும் டிக்ளோபிடினும். உறைவெதிர்ப்பு மருந்து பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினருக்குக் கடும் ரத்தக்கசிவு, தட்டணு மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஸ்டென்டும் அங்கேதான் குறைவாக அடைத்தது. ஸ்டென்டில் எதிரி ஃபைப்ரின் அல்ல, தட்டணு என்பது அன்றோடு நிலைபெற்றது. டிக்ளோபிடின் வெள்ளணுக்களைக் குறைத்ததால் அதன் இடத்தைக் குளோபிடோகிரெல் பிடித்தது.

ஆஸ்பிரினின் கதையும் ரத்தக்கசிவிலிருந்தே தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரண மருத்துவர், டான்சில் அறுவைக்குப் பின் ஆஸ்பிரின் கலந்த சூயிங்கத்தை மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் ஒழுகியதைப் பார்த்தார். ரத்தத்தை இப்படி இளக்கும் பொருள் மாரடைப்பைத் தடுக்கலாமே என்று 1950இலேயே எழுதினார். பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. 1971இல் ஜான் வேன் ஆஸ்பிரின் வேலை செய்யும் முறையைக் கண்டார், அதற்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. 1988இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த ஐசிஸ்-2 ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததால் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 விழுக்காடு குறைந்தன. அதோடு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 42 விழுக்காடு. கேத் லேப் எனும் குழாய்ச் சிகிச்சைக் கூடம் எட்டாத மாவட்ட மருத்துவமனைகளுக்கு இந்த இரண்டும்தான் துணையாயின.

நஞ்சு வழி வந்த மருந்துகளுக்கும், அவற்றுக்கு முன்னோடியாக அதே ஏற்பியைப் பொத்திய அப்சிக்சிமாபுக்கும் தொடக்க அனுபவம் கசப்பானது. 1994இல் வெளியான எபிக் ஆய்வில் 2,099 பேர் கலந்துகொண்டார்கள். அப்சிக்சிமாப் இதயச் சிக்கல்களைக் குறைத்தது. ஆனால் கடும் ரத்தக்கசிவு 7 விழுக்காட்டிலிருந்து 14ஆக இரட்டித்தது. மருந்தையே தூக்கிப்போட்டிருக்கலாம். எபிலாக் ஆய்வினர் வேறு வழியைப் பார்த்தார்கள். கூடவே கொடுக்கும் ஹெப்பாரினின் அளவை நோயாளியின் எடைக்கேற்பக் குறைத்தார்கள், தொடையில் செருகிய குழாயைச் சீக்கிரம் எடுத்தார்கள். 1997இல் வெளியான முடிவில், அப்படிக் கொடுத்தவர்களில் கடும் கசிவு 2 விழுக்காடு, மருந்தே பெறாதவர்களில் 3.1. குற்றம் மருந்தில் மட்டும் இல்லை, அளவிலும் ஊசித் துளையிலும் இருந்தது.

இந்தப் பேச்செல்லாம் உலக மருத்துவ இதழ்களில் நடப்பதற்கு வெகு முன்பே பேராக் தோட்டங்கள் கலையத் தொடங்கியிருந்தன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. லயங்கள் முள்வேலிக்குள் போயின. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. துண்டாடலில் வேலை இழப்பவர்களே தோட்டத்தை வாங்கவேண்டும் என்று சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1957 முதல் 1959 வரை நாட்டின் சுகாதார அமைச்சராகவும் இருந்தவர். பிறகு பால்மரம் செம்பனைக்கு இடம் கொடுத்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. லயத்தில் வளர்ந்தவர்கள் புந்தோங்கிலும் ஈப்போவின் புறநகர்த் தாமான் குடியிருப்புகளிலும் குடியேறினார்கள். லாரி ஓட்டினார்கள், ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நாளுக்கு நானூறு மரம் சுற்றிய உழைப்பு போயிற்று. சோறும் இனிப்புப் பால் கலந்த தேநீரும் அப்படியே இருந்தன.

அடுத்து வந்தது சர்க்கரை நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களில் அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. சர்க்கரை நோய் தமனியை இளவயதிலேயே கெடுக்கும். நாடு முழுதும் மாரடைப்பு நோயாளிகளைப் பதிவுசெய்யும் தரவுத் தளம் 2006இல் தொடங்கியதிலிருந்து, அதில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் மலேசிய நோயாளிகளின் சராசரி வயதும் குறைவு. 1990களில் பேராக்கில் நெஞ்சுவலி வந்தவருக்கு மாவட்ட மருத்துவமனையில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போடுவார்கள். இதயத் தமனிகளைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ வேண்டுமென்றால் சுமார் இருநூறு கிலோமீட்டர் தெற்கே, 1992இல் கோலாலம்பூரில் திறந்த தேசிய இருதயக் கழகத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிறகு ஈப்போவிலேயே அரசு, தனியார் மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை வந்தது. ரத்தக்கசிவும் அதோடு இங்கேயே வந்தது.

முன்னாள் தோட்டத் தொழிலாளரின் உடம்புக்கு இந்த மருந்துகள் ஏன் கூடுதல் ஆபத்து என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. டிரோஃபிபானும் எப்டிஃபிபடைடும் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. பல ஆண்டு சர்க்கரை நோய் சிறுநீரகத்தை மெலிய வைத்திருக்கும்போது வழக்கமான அளவே இரட்டை அளவாகிவிடும். எடையும் ஒரு காரணம். மருந்தளவுகள் வகுக்கப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளைப் பார்த்து. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இது இங்கே மட்டும் உள்ள குறையல்ல. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தக்கட்டி எதிர்ப்பு மருந்துகள் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு மருந்தாவது பரிந்துரைத்த வரம்புக்கு வெளியே போயிருந்தது. முதியோர், பெண்கள், எடை குறைந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் என இவர்களுக்கே கூடுதல் அளவு அதிகம் போனது. இவர்களுக்கே ரத்தக்கசிவும் அதிகம். ஊசி போடுமுன் நோயாளியைத் தராசில் நிறுத்துவதும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பதும் பலரைக் காப்பாற்றியிருக்கும்.

ஊசித் துளையின் கதை தனி. பல ஆண்டுகள் இதயத்துக்குப் போகும் குழாயைத் தொடையின் பெரிய தமனி வழியாகத்தான் செருகினார்கள். சிகிச்சை முடிந்து குழாயை எடுத்ததும் செவிலியோ டாக்டரோ கையால் அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிறகு அந்த இடத்தின் மேல் மணல் மூட்டை வைப்பார்கள். ஆறு மணி நேரம் காலை மடக்கக்கூடாது, எழக்கூடாது, ஒன்றுக்குப் போவதும் படுத்தபடியே. மணல் மூட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தால் முதுகு வலிக்கிறது என்று நோயாளி சொல்வார். அதற்குள் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருக்கும். கனடாவின் லூசியான் காம்போ 1989இல் மணிக்கட்டுத் தமனி வழியாகப் படம் எடுக்க முடியும் என்று காட்டினார். ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினன்ட் கீமனெய் 1990களின் தொடக்கத்தில் அதே வழியில் சிகிச்சையும் செய்தார். மணிக்கட்டுத் தமனி தோலுக்கு அடியிலேயே எலும்பின் மேல் இருக்கிறது, ஒரு பட்டையால் அழுத்தினால் நின்றுவிடும். 2011இல் 7,021 பேரிடம் நடந்த ரைவல் ஆய்வில், துளையிட்ட இடத்தின் பெரும் சிக்கல்கள் தொடை வழியில் 3.7 விழுக்காடு, மணிக்கட்டு வழியில் 1.4. மலேசியாவிலும் மணிக்கட்டு வழியே இப்போது வழக்கமாகிவிட்டது.

2000க்குப் பிறகு ஒரு மனமாற்றம் நிகழ்ந்தது. அதுவரை ரத்தக்கசிவு மருந்துக்குக் கொடுக்கும் விலை என்று கருதப்பட்டது, ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். 2006இல் எய்க்கல்பூமும் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடும் கசிவு நேர்ந்தவர்கள் அடுத்த மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. கசிந்தவருக்குத் தட்டணு மருந்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும். இந்த இரட்டைப் பொறியை ஒப்பிட்டுப் பேச ஒரே அளவுகோல் வேண்டும் என்று 2011இல் பார்க் எனும் வகைப்பாடு வந்தது. பல் தேய்க்கும்போது ஈறில் கசிவது முதல் உயிரைப் பறிக்கும் கசிவு வரை அதில் படிகள் உண்டு. அப்சிக்சிமாப் இன்று பெரும்பாலும் சந்தையில் இல்லை. டிரோஃபிபானும் எப்டிஃபிபடைடும் எல்லோருக்கும் ஏற்றுவதில்லை, சிகிச்சை நடுவில் தமனியில் கட்டி பெருகினால் கடைசி ஆயுதமாக எடுப்பதே வழக்கம்.

வீட்டுக்குப் போகும்போது நோயாளி வாங்கிச் செல்வது இரண்டு மாத்திரை: ஆஸ்பிரின் ஒன்று, குளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலர் மற்றொன்று. 2001இன் கியூர் ஆய்வில் 12,562 பேரிடம் ஆஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் சேர்த்தபோது இதயச் சிக்கல்கள் 11.4இலிருந்து 9.3 விழுக்காடாகக் குறைந்தன, கடும் கசிவு 2.7இலிருந்து 3.7ஆகக் கூடியது. மாரடைப்புக்குப் பின் ஓராண்டு இரண்டும் சேர்த்து எடுப்பது பொது விதி. கசிவு வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு அதை மூன்று மாதம், சில சமயம் ஒரு மாதம் எனச் சுருக்குகிறார்கள். வயிற்றுப் புண் கசியாமலிருக்க ஒமெப்ரசோல் வகை மாத்திரை சேர்ப்பதும் உண்டு. பல் பிடுங்கப் போகும்போதும் நாட்டு மருந்து குடிக்கும்போதும் அண்டை வீட்டார் சொல்கேட்டு ஒரு மாத்திரையை நிறுத்திவிடுவது ஈப்போ வார்டுகளுக்குப் பழகிப்போன தொல்லை. குளோபிடோகிரெலின் விளைவு முழுசாக நீங்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், அதற்குள் அடைப்பு வரலாம்.

கடைசியாக, பேராக்கிலும் மலேசியாவின் பிற பகுதிகளிலும் மட்டுமே அடிக்கடி நேரும் ஒரு சிக்கல் டெங்கிக் காய்ச்சல் என்று சொல்லத் தோன்றும். உண்மையில் வெப்பமண்டல நாடுகள் எல்லாவற்றுக்கும் அது பொது. டெங்கியில் தட்டணு எண்ணிக்கை சில நாளில் சரியும். ஸ்டென்ட் வைத்து இரண்டு மாத்திரை எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்து எண்ணிக்கை விழும்போது, மாத்திரையை நிறுத்தவா தொடரவா என்பதற்கு ஒரே எண்ணில் விடை இல்லை. ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆயிற்று, எந்தத் தமனியில், கசிவு தொடங்கிவிட்டதா, எண்ணிக்கை இன்னும் விழுமா என்று நாளுக்கு இருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஸ்டென்ட் புதிதென்றால் எண்ணிக்கை மிகத் தாழும்வரை ஒரு மாத்திரையையாவது தொடர்வதே வழக்கம். காய்ச்சல் இறங்கி எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும் இரண்டாவது மாத்திரை திரும்பச் சேர்க்கப்படும்.